லண்டன் மூடுபனியா, சான் பிரான்சிஸ்கோ மூடுபனியா?

மூடுபனிக்குப் பேர்போன ஊர்கள் இரண்டும். ஆனால் சரக்கு வேறு.

சான் பிரான்சிஸ்கோவில் நடப்பது கடலின் வேலை. கோடையில் பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று, கரையோரக் குளிர்நீரைத் தொட்டதும் மூடுபனியாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காய்ந்து சூடான காற்று மேலெழும்ப, அந்தப் பனி கோல்டன் கேட் என்ற நீரிணை வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அவ்வளவுதான். கலிபோர்னியா என்று நம்பி ஜூலையில் அரைக்கால் சட்டையோடு போனால் நடுங்க வேண்டியதுதான்.

லண்டன் விஷயம் அப்படியில்லை. தேம்ஸ் பள்ளத்தாக்கில் இயல்பாகவே பனி இறங்கும், சரி. அதை மஞ்சளாகவும் கறுப்பாகவும் ஆக்கியது வீடுகளின் கணப்பும் ஆலைகளும் மின் நிலையங்களும் கக்கிய நிலக்கரிப் புகை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையவில்லை. மேலே வெப்பக் காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ள, கரித்துகளும் கந்தக டை ஆக்சைடும் தெருவிலேயே தங்கின. பேருந்துகள் நின்றன. அரங்குக்குள் புகை நுழைந்து ஓர் ஓபரா பாதியில் நின்றது. முதலில் சொன்ன கணக்கு சுமார் 4,000 சாவுகள். பிற்கால ஆய்வு ஒன்று 12,000 என்கிறது. புகை விலகிய பிறகும் தொடர்ந்த சாவுகளுக்கு அரசு காட்டிய காரணம் இன்ஃப்ளூயன்சா! தூய காற்றுச் சட்டம் 1956-இல்தான் வந்தது. இதைப் போய் துப்பறியும் கதைகளின் அழகான பின்னணி என்று ரசிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூடுபனி பார்க்கவே டிக்கெட் போடுபவர்கள் ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ போகலாம். ஸ்வெட்டர் அவசியம்.