சிஎன்சி ரூட்டரின் அவசர நிறுத்தம்: போர்டா, கான்டாக்டரா, சேஃப்டி ரிலேயா?

அம்பத்தூர் பட்டறையானாலும் திருமுடிவாக்கம் பட்டறையானாலும் ரூட்டரில் (கம்ப்யூட்டர் சொல்படி மரம், பிளாஸ்டிக் வெட்டும் மெஷின்) அவசர நிறுத்தத்துக்குச் சிவப்புக் காளான் பட்டன் இருக்கும். அதன் வயர் எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி.

மோட்டார்களுக்குக் கட்டளை தரும் கன்ட்ரோலர் போர்டில் முடிந்தால் செலவே இல்லை. பாதுகாப்பும் இல்லை. போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளின் ரீசெட் பின், அழுத்தினால் மட்டுமே இணையும் (நார்மலி ஓப்பன்) சுவிட்சை எதிர்பார்க்கிறது. வயர் அறுந்திருந்தால் பட்டனை அழுத்தும் நாளில்தான் தெரியும். மாக்3 என்ற கன்ட்ரோல் மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர் உறைந்தாலும் இதே கதி. இதைத் தற்காலிக நிறுத்த (pause) பட்டன் என்று எழுதி ஒட்டலாம்.

கான்டாக்டர், அதாவது காயிலுக்குக் கரன்ட் இருக்கும்வரை மெயின் சப்ளையை இணைத்து வைக்கும் பெரிய சுவிட்ச், வேறு ரகம். பட்டனின் என்சி கான்டாக்ட் (சாதாரணமாக மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது) காயிலோடு தொடரில், ஸ்டார்ட் பட்டனை விட்ட பிறகும் காயிலைப் பிடித்து வைக்க அதற்கு இணையாக ஹோல்டிங் கான்டாக்ட். கரன்ட் போய் வந்தால் மெஷின் தானாகக் கிளம்பாது. கோடையில் இது ஒன்றுக்காகவே போடலாம். கான்டாக்டரை சப்ளையின் ஏசி பக்கம் வையுங்கள். டிரைவருக்கும் ஸ்டெப்பர் மோட்டாருக்கும் நடுவில் வைத்தால் டிரைவர் எரியும். சப்ளையின் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் கரன்டில் அச்சு சற்று நகரக்கூடும் என்பதால் பட்டனில் இரண்டாவது கான்டாக்ட் பிளாக்கை, போர்டு எதிர்பார்க்கும் வகையில், போர்டுக்கும் கொடுங்கள்.

குறை இரண்டு. ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டிக்கு கரன்ட் போனதும் பிரேக்கும் போய்விடும். 24,000 ஆர்பிஎம்மில் சுற்றும் ஸ்பிண்டில் தன் போக்கில்தான் நிற்கும். அடுத்து, கான்டாக்ட் வெல்ட் ஆகி ஒட்டிக்கொண்டால் பட்டன் வெறும் அலங்காரம்.

சேஃப்டி ரிலே, பட்டனையும் கான்டாக்டர்களையும் கண்காணிக்கும் தனிக் கருவி, இந்த இரண்டு குறையையும் கவனிக்கிறது. பட்டனிலிருந்து இரண்டு சேனல் (தனித்தனி வயர் வழி), தொடரில் இரண்டு கான்டாக்டர், அவற்றின் மிரர் கான்டாக்டுகள் (மெயின் கான்டாக்ட் ஒட்டியிருந்தால் மூடாத துணைக் கான்டாக்டுகள்) ரீசெட் லூப்பில். ஒன்று ஒட்டினாலும் மற்றது துண்டிக்கும், அடுத்த ரீசெட் ஏற்காது. டிலே அவுட்புட் உள்ளதை வாங்கினால் உடனடிக் கான்டாக்ட் விஎஃப்டியை நிறுத்தச் சொல்லும், தாமதக் கான்டாக்ட் பிறகு கரன்டை வெட்டும். மெஷின் மின்பாதுகாப்புத் தரநிலையான ஐஇசி 60204-1 சொல்லும் வகை 1 நிறுத்தம் இதுதான். டிலே, விஎஃப்டியின் டிசெலரேஷன் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். பிரேக்கிங் ரெசிஸ்டர் இல்லாமல் அந்த நேரத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் ஓவர்வோல்டேஜ் டிரிப்பாகி ஸ்பிண்டில் மறுபடி தன் போக்கில் சுற்றும். விஎஃப்டியில் எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) வசதி இருக்கிறதே என்றால், அது டார்க்கை மட்டுமே நிறுத்தும். பிரேக் போடாது, மின்சாரத்தையும் துண்டிக்காது.

2.2 கிலோவாட் ஸ்பிண்டிலுக்கு டிலே உள்ள சேஃப்டி ரிலேதான் எங்கள் தேர்வு. கனமான இசட் அச்சு (மேலும் கீழும் நகர்வது) எளிதில் உருளும் பால்ஸ்க்ரூவில் நின்றால், கரன்ட் போனதும் ஸ்பிரிங்கால் பிடிக்கும் பிரேக்கும் வேண்டும். மூன்று முறையிலும் அது தனிச் செலவு.

ரிச்சி தெருவில் பட்டன் வாங்கும்போது வட்டத்துக்குள் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள்: கான்டாக்டை ஸ்பிரிங்கை நம்பாமல் நேரடியாகப் பிரிக்கும் வகை என்று பொருள். அதிர்வில் கான்டாக்ட் பிளாக் பட்டன் தலையிலிருந்து கழன்றால் என்சி மூடியே கிடக்கும், ரிலேக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள்.