கரு தங்க வைக்கும் என்று விட்டமின் டப்பா விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டால் போதும், "விசேஷம் எதுவும் இல்லையா?" என்று தெருவே கேட்கும். அந்தக் கேள்வியை முதலாக வைத்து பழைய வண்ணாரப்பேட்டையில் ஒருவர் கடை நடத்துகிறார். கடைப் பெயரை நான் இங்கே போடவில்லை. என் தங்கையிடம் அந்தக் கடைக்காரம்மா சொன்னது இது: "மூணு மாசம் போடும்மா, நாலாவது மாசம் நீயே ஸ்வீட்டோட வருவ." டப்பா விலை ஆறாயிரத்துச் சொச்சம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, தைராய்டு பார்த்தாயா என்று ஒரு கேள்வி இல்லை. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான் கொடுமை.

அந்த ஆஸ்பத்திரி மாத்திரை ஃபோலிக் ஆசிட் என்ற விட்டமின். கரு தரித்த நான்கு வாரத்துக்குள் குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளமான நரம்புக் குழாய் மூடிவிடும். அதில் குறை வராமலிருக்கத்தான் முன்கூட்டியே தினம் 400 மைக்ரோகிராம் போடச் சொல்கிறார்கள். கரு தங்க வைக்கும் மாத்திரை என்று எந்த டாக்டரும் அதைச் சொல்வதில்லை. விலையும் அற்பம்.

அப்புறம்தான் பெரிய வேடிக்கை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் தங்கை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் ரொம்பக் குறைவாக வந்தது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இப்படி வரும். உடம்பில் அதற்கான அறிகுறியே இல்லையே என்று டாக்டருக்குச் சந்தேகம். "வேற என்னம்மா சாப்பிடற?" என்று கேட்டு, டப்பாவை வாங்கிப் படித்தார். பயோட்டின் என்ற பி வகை விட்டமின் 10,000 மைக்ரோகிராம்! நமக்கு ஒரு நாளைக்கு 30, 40 போதும். இவ்வளவு உள்ளே போனால் சில லேப் முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டுமாம். சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது டி.எஸ்.எச். எண் கூடி, எல்லாம் தலைகீழாகிவிட்டது. அவளுக்கு இருந்தது தைராய்டு சுரப்புக் குறைவு, கரு தரிப்பதைத் தாமதப்படுத்தக்கூடிய கோளாறு. டப்பா அதைத்தான் மறைத்து வைத்திருந்தது.

டப்பாவில் விட்டமின் ஏ-யும் இருந்தது, ரெட்டினால் வடிவில். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது அளவு மீறினால் குழந்தைக்கு ஊனம் வரலாம். குழந்தைக்கென்று விற்கிற பொருளில் இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை.

பணத்தைக் கேட்டதற்கு, "பிரிச்ச டப்பா எடுக்க மாட்டோம், இது மருந்து இல்ல, ஃபுட்" என்றார்கள். சரி, உணவென்றால் மலட்டுத்தன்மை தீரும் என்று நோட்டீஸ் அடிப்பானேன்? பெண் மலட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நோட்டீஸையும் பில்லையும் வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறோம். பில் தராத கடையாக இருந்தால் டப்பாவைத் தொடவே வேண்டாம்.