தானே சார்ஜ் ஆகும் டார்ச் லைட்: குலுக்குவது, சுற்றுவது, வெயிலில் வைப்பது. எது தேறும்?

"ஆயுசுக்கும் பேட்டரி போட வேண்டாம் அண்ணாச்சி. அரை நிமிஷம் குலுக்குங்க, அரை மணி நேரம் எரியும்." குலுக்கு டார்ச்சை விற்பவர் சொல்வது இது. "எல்லாம் ஏமாத்து, உள்ளே பேட்டரியை ஒளிச்சு வச்சிருக்கான்" என்பது எதிர்க்கட்சி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களுக்கு இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. அப்படி ஒரு ராத்திரியில் எந்த லைட் கைகொடுக்கும் என்பதை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் குலுக்கு டார்ச். தத்துவத்தில் பொய் இல்லை. கம்பிச் சுருளுக்குள் காந்தம் போய்வந்தால் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இலேயே காட்டிவிட்டார். சுருளில் திசை மாறி மாறிப் பிறக்கும் மின்சாரத்தை நாலு டயோடு ஒரே திசைக்குத் திருப்பி, 5.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் என்னும் மின்சாரச் சேமிப்பானில் சேர்க்கும். எல்இடி அதிலிருந்து எரியும். சிக்கல் அளவில்தான். 30 கிராம் காந்தம் 10 செ.மீ. விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் 0.03 ஜூல். விநாடிக்கு 3 முறை அது விழும்படி 30 விநாடி குலுக்கினால் மொத்தம் 2.7 ஜூல். சுருளிலும் டயோடிலும் பாதி போய்விடும். ஓங்கிக் குலுக்கினால் 3 ஜூல் தேறும் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 0.33 ஃபாரட் கெப்பாசிட்டர் 5 வோல்ட்டிலிருந்து எல்இடி அணையும் 2.7 வோல்ட் வரை இறங்கும்போது கொடுப்பதும் ஏறக்குறைய அதே 3 ஜூல்தான். 20 மில்லி ஆம்பியரில் ஒழுங்காக எரியும் ஒரு வெள்ளை எல்இடி 0.06 வாட் இழுக்கும், அதாவது விநாடிக்கு 0.06 ஜூல். ஆக, 50 விநாடி.

அப்படியானால் அரை மணி நேரம் என்பது? எரியும், ஆனால் அரை மில்லி ஆம்பியரில். பூட்டுத் துவாரத்தைத் தேட அது போதும். வரப்பில் கிடக்கும் கட்டுவிரியனைப் பார்க்கப் போதாது. சொன்ன நேரம் உண்மை, சொல்லாமல் விட்டது வெளிச்சம்.

எதிர்க்கட்சியின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. மலிவான பல குலுக்கு டார்ச்சுகளுக்குள் இரண்டு சிஆர்2032 பட்டன் பேட்டரி இருக்கும். காந்தம் போலத் தெரிவது வெறும் இரும்பு உருளையாக இருக்கும், அல்லது சுருளின் கம்பி போர்டில் பற்றவே வைக்கப்பட்டிருக்காது. சிஆர்2032 ரீசார்ஜ் ஆகாது. தீர்ந்தால் டார்ச்சும் தீர்ந்தது. குழந்தைகள் அதை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும் என்பதால் உடைந்த டார்ச்சை விளையாடக் கொடுக்கவே கூடாது.

கடையிலேயே கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு. ஒன்று, குழாயின் மேல் ஒரு சின்ன ஆணியை வையுங்கள். உள்ளே உருளை நகரும்போது ஆணியும் கூடவே இழுபட்டால் அது காந்தம். இரண்டாவது, பெட்டியிலிருந்து எடுத்ததும் குலுக்காமலே பளிச்சென்று எரிந்தால் சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் கிடந்த கெப்பாசிட்டர் தானாகவே இறங்கியிருக்கும், அதனால் அசல் டார்ச் முதலில் மங்கலாக எரிய வேண்டும், இல்லை எரியவே கூடாது. மூன்றாவது, ஒளி ஊடுருவும் உடம்பாக இருந்தால் சுருளின் இரண்டு முனையும் போர்டில் ஈயம் வைத்துப் பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அசலாக இருந்தால் அது நியோடிமியம் என்ற சக்தி மிகுந்த காந்தம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் அதைச் சட்டைப் பையில் போடக் கூடாது.

கைப்பிடி சுற்றும் டைனமோ டார்ச் இதைவிட எவ்வளவோ மேல். கியர் வழியாகச் சின்ன மோட்டார் சுற்றி 1 வாட் அளவுக்குத் தரும். ஒரு நிமிடம் சுற்றினால் 60 ஜூல், பேட்டரியில் ஏறி இறங்கிய பிறகு 40 மிச்சம். மூன்று எல்இடி சேர்ந்து 0.18 வாட் இழுத்தால் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறையும். இங்கேயும் பெட்டி மேல் "1 நிமிடம் = 30 நிமிடம்" என்று போட்டிருந்தால் முன்பு சொன்ன மங்கல் கணக்குதான். சுற்றிக்கொண்டே எரியவிடலாம் என்பது இதன் பலம். பிளாஸ்டிக் கியர் இதன் பலவீனம்: எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றினால் பல் உடையும். விநாடிக்கு இரண்டு சுற்று போதும். உள்ளே இருக்கும், ரீசார்ஜ் ஆகும் வகைப் பட்டன் பேட்டரி சில வருஷத்தில் செத்துவிடும். அதன்பிறகு சுற்றும்போது மட்டும் எரியும். வாங்கும்போது சுற்றிப் பாருங்கள், கைக்குக் கொஞ்சம் பாரம் தெரிய வேண்டும். காற்றாடி மாதிரி லேசாகச் சுழன்றால் மோட்டார் எதையும் சார்ஜ் செய்யவில்லை.

சோலார் டார்ச்சைத்தான் நம் ஊர் வெயிலை நம்பி அதிகம் பேர் வாங்குகிறார்கள். 6 x 4 செ.மீ. பேனல் மேல் உச்சி வெயிலில் விழுவது 2.4 வாட். மின்சாரமாவது 0.4 வாட், பேட்டரிக்குள் போவது 0.3. உள்ளே 1200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இருந்தால் அது 4.4 வாட்-மணி. அதாவது 15 மணி நேரம் நல்ல வெயில், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மூன்று நாள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இன்னும் இழுக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் கறுப்பு உடம்பு 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்தால் ஆயுள் குறையும், உப்பவும் செய்யும். காலை 7 முதல் 10 மணி வரை பேனலைக் கிழக்கே சாய்த்து வைப்பதே சரி. இதைவிடப் பெரிய குறை, டார்ச் அதிகம் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சூரியனே தலைகாட்டாது. யூஎஸ்பி துளையும் சேர்ந்திருக்கிற சோலார் டார்ச்சாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

உள்ளங்கைச் சூட்டில் எரியும் டார்ச் பற்றியும் கேட்கிறார்கள். கனடா மாணவி ஆன் மக்கோசின்ஸ்கி 2013இல் கூகுள் அறிவியல் போட்டியில் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு அது, அசலானது. ஆனால் அதற்குள் மின்சாரம் தரும் பெல்டியர் தகடு சூட்டில் வேலை செய்வதில்லை, சூட்டு வித்தியாசத்தில் வேலை செய்கிறது. உள்ளங்கை 33 டிகிரி, பாளையங்கோட்டையின் வெயில்காலக் காற்று 38 டிகிரி என்றால் கை சூடேற்ற வழியில்லை. பொழுது சாய்ந்து காற்று 30க்கு இறங்கினாலும் வித்தியாசம் பற்றாது. மலைமேல் இருக்கும் மாஞ்சோலையில் மார்கழி ராத்திரி எரியும்.

இவற்றோடு சாதாரண யூஎஸ்பி டார்ச்சைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசல் 2500 மில்லி ஆம்பியர்-மணி 18650 பேட்டரி (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளமுள்ள லித்தியம் பேட்டரி) ஒன்றில் 33,000 ஜூலுக்கு மேல் இருக்கிறது. குலுக்கு டார்ச்சின் 3 ஜூலுக்கு இது பத்தாயிரம் மடங்கு. ஒரு வாட் வெளிச்சம் 8 மணி நேரம். இங்கேயும் ஏமாற்று உண்டு. "9900" என்று அச்சடித்த பேட்டரி அசலாக இருக்க முடியாது. இந்த அளவு பேட்டரியில் வழக்கமாக 3500ஐ ஒட்டித்தான் உச்சம். மளிகைக் கடைத் தராசில் போடுங்கள்: அசல் 45 கிராம் ஒட்டி நிற்கும், 35க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற மாடலே வேண்டும். சும்மா வைக்கும்போது பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

சுவரில் நேராகச் செருகும் 4 வோல்ட் லெட்-ஆசிட் டார்ச், காலியாகக் கிடந்தாலே தகடு கெட்டுவிடும். செருகியபடி திறந்தால் 230 வோல்ட் ஷாக்கும் அடிக்கும். தவிர்க்கலாம்.

எங்கள் தேர்வு இதுதான். ராத்திரி மோட்டார் போட வாழைத் தோட்டத்துக்குப் போகிறவருக்கும், காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவருக்கும் 18650 டார்ச்சும் ஒரு மாற்றுப் பேட்டரியும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் அதோடு ஒரு டைனமோ டார்ச்சும் எடுத்துப் போகலாம். வெள்ளத்துக்கென்று வீட்டில் வைப்பதானால் ஏஏ சைஸ் டார்ச்சும், அதற்குள் போடாமல் தனியே கட்டிய ஆல்கலைன் பேட்டரியும். உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

குலுக்கு டார்ச்சை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்ளே பட்டன் பேட்டரி இருந்தால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 5.5 வோல்ட், 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டரை பிளஸ், மைனஸ் மாறாமல் பற்றவைக்கலாம். அதற்கு முன் சுருளின் இரு முனையிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. சுருள் அறுந்திருந்தாலும், உருளை இரும்பாக இருந்தாலும் அந்த வேலையில் இறங்க வேண்டாம், எல்இடியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.