ஒன்ராறியோ எழுத்தறிவுத் தேர்வு: இலவச மதிப்பீட்டு வழிகாட்டி எப்படி?

கனடாவின் ஒன்ராறியோவில் இந்தத் தேர்வை எழுதும் 10ஆம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டார் காசு கொடுத்துப் பயிற்சிப் புத்தகம் வாங்குமுன், தேர்வை நடத்தும் ஈ.கியூ.ஏ.ஓ. (EQAO) அமைப்பு இலவசமாகத் தரும் மதிப்பீட்டு வழிகாட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் (விடைக்குத் தரும் புள்ளி நிலைக்கும்) உரிய மாதிரி விடை அதில் இருக்கிறது.

கருத்துக் கட்டுரைக்கு இரண்டு தனி மதிப்புகள்: பொருள் விரிவுக்கு 10 முதல் 60 வரை, மொழிநடைக்கு 10 முதல் 40 வரை. எழுத்துப்பிழைக்காகப் பொருள் மதிப்பு குறையாது. பொருள் விரிவில் கவனிக்க வேண்டியது 30க்கும் 40க்கும் உள்ள வேறுபாடு. எடுத்துக்காட்டாக, "கைப்பேசி கவனத்தைக் கெடுக்கும்" என்று மட்டும் நின்றால், கருத்து தெளிவாக இருந்தும் ஆதாரம் மேலோட்டம், 30. "கணிதப் பாடத்தின் நடுவே குறுஞ்செய்தி வந்தால் அடுத்த படி விட்டுப்போகும்" என்பது போலக் குறிப்பான விவரம் சேரச் சேர 40, 50 என ஏறும். ஒரே காரணத்தைச் சொல் மாற்றித் திரும்ப எழுதுவதால் பயனே இல்லை.

பத்தியைப் படித்து எழுதும் வாசிப்பு விடைக்கு 10, 20, 30 என மூன்று மதிப்புகள். பத்தியிலிருந்தே பொருத்தமான விவரத்தை எடுத்து விளக்காவிட்டால், நல்ல விடையும் 20இல் நின்றுவிடும்.

ஒரு குறை: 300 எடுத்தால் தேர்ச்சி என்ற இறுதி அளவுகோலுக்கு இந்த மதிப்புகள் எப்படி மாறுகின்றன என்பது மாதிரி விடைகளைப் பார்த்துப் புரியாது. அந்த அளவுகோல் 200 முதல் 400 வரை. மதிப்புகளைக் கூட்டி அதைக் கணக்கிட முயலாதீர்கள். முதலில் 30, 40 மாதிரிகளை அருகருகே வைத்துப் படியுங்கள்.