கார்டிஃப் இரவுகள்: யூனியனா, வுமன்பி தெருவா, பெரிய கிளப்பா?

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்கு முதுகலை படிக்கப் போன முதல் மாதம் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "எந்த ஊர்?" அல்ல, "புதன்கிழமை வர்றியா?" என்பதுதான். புதனுக்கு என்ன விசேஷம் என்று புரிய மூன்று வாரம் ஆனது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் புதன் பிற்பகலில் வகுப்பு வைப்பதில்லை. அது விளையாட்டுப் போட்டிகளுக்கான நேரம். ஜெயித்தாலும் தோற்றாலும் சாயங்காலம் குடி, ராத்திரி ஆட்டம். வெள்ளியையும் சனியையும் ஊர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு மாணவர்கள் புதனை எடுத்துக்கொண்டார்கள்.

நான் குடிப்பதில்லை. கொள்கை ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். அதனால் என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல்: கையில் ஒரு சோடா-லைமோடு அந்த இடத்தில் மூன்று மணி நேரம் நிற்க முடியுமா? பாரில் இருப்பதிலேயே மலிவான பானங்களில் அது ஒன்று; பார்ப்பதற்கு ஜின் மாதிரியே இருப்பதால் யாரும் "ஏன் குடிக்கல?" என்று கேட்கவும் மாட்டார்கள். குடித்தவருக்கு எல்லா கிளப்பும் நல்ல கிளப்தான். பாட்டு சுமார், தரை பிசுபிசுப்பு, டிஜே அரைத்த மாவையே அரைக்கிறார் என்பதெல்லாம் குடிக்காதவர் கண்ணில்தான் படும்.

முதலில் மாணவர் யூனியன், அதாவது பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் கட்டடம். பார்க் பிளேஸில், கேத்தேஸ் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்குள்ளிருக்கும் கிளப்பின் பெயர் 'அ ப்ளாஸ்'. வேல்ஷ் மொழியில் மாளிகை என்று அர்த்தம். மாளிகைக்கான அடையாளம் எதுவும் கிடையாது, கறுப்புச் சுவர் வைத்த பெரிய கூடம் அது. புதன் இரவு அங்கே 'யோலோ' என்ற ஆட்ட இரவு. டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காவிட்டால் கிடைப்பது கஷ்டம். விளையாட்டு அணிகள் கூட்டம் கூட்டமாக வேஷம் கட்டிக்கொண்டு வரும். நான் போன முதல் புதனில் ஒரு அணி முழுவதும் கறுப்புக் குப்பைப் பையைச் சட்டையாக மாட்டியிருந்தது. இன்னொரு அணி கோட், டை, கீழே நீச்சல் டிரவுசர். எல்லார் கையிலும் ஊதா நிறத்தில் விகே பாட்டில். சர்க்கரைத் தண்ணீரில் வோட்கா கலந்தது போன்ற அந்தப் பானம் தரையில் சிந்திக் காய்ந்த பிறகு நடந்து பாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் ஷூ 'ப்ளக்' என்று உரிந்து வரும்.

சோடா-லைம் சோதனையில் யூனியன் பாதி பாஸ். உங்கள் வகுப்பிலிருந்தோ ஏதாவது சங்கத்திலிருந்தோ ஆறேழு பேரோடு போனால் இதைப் போன்ற இடம் கிடையாது. எல்லாரும் மாணவர்கள், விலை கட்டுப்படியாகும், யாருக்காவது தலை சுற்றினால் ஓடிவர ஆள் இருக்கிறது. தனியாகப் போனால் கல்யாண மண்டபத்தில் தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் கதிதான். பாட்டும் அப்படியே: எல்லாருக்கும் வரி தெரிந்த பாட்டு மட்டும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அந்த வரிகள் தெரியாது. யூனியனின் பெரிய பலம் வேறு. மாணவர்கள் அடைந்து வாழும் கேத்தேஸ் தெருக்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இரண்டு மணிக்கு வெளியே வந்தாலும் தெரு முழுக்க உங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். ஒரு பெண்ணாக இதற்கு நான் அதிக மார்க் போடுவேன்.

அடுத்தது பெரிய கிளப்புகள். செயின்ட் மேரி தெருவும் கிரேஃப்ரையர்ஸ் ரோடும்தான் அவற்றின் கோட்டை. ஒரே கட்டடத்தில் பல அறை, ஓரறையில் ஆர் அண்ட் பி, ஒன்றில் தொண்ணூறுகளின் பாப், இன்னொன்றில் நெஞ்சுக்கூட்டை ஆட்டும் டிரம். வரிசையில் முக்கால் மணி நேரம், குளோக்ரூம் வரிசையில் கால் மணி நேரம், பாரில் அதே அளவு. கணக்குப் போட்டால் ஆடியதைவிட நின்றதே அதிகம். சோடா-லைம் சோதனையில் ஃபெயில். அந்தச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் உடம்பில் ஏதாவது ஊறியிருக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது.

அங்கே எனக்குப் பிடித்த ஒரே இடம் பெண்கள் கழிப்பறை. கிண்டல் இல்லை. வரிசையில் முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒருத்தி என் ஜிமிக்கியைப் பிடித்துக்கொண்டு, "இதைப் போல அழகான ஒன்றை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை" என்று கண் கலங்கினாள். அவள் தோழி என் கையில் டிஷ்யூவைத் திணித்தாள், அழுதது நான் என்று நினைத்துவிட்டாள் போல. அங்கேயே சுவரில் ஒரு சுவரொட்டியும் பார்க்கலாம்: பக்கத்தில் இருப்பவன் தொல்லை கொடுத்தால் பாரில் போய் "ஆஞ்சலா இருக்காங்களா?" என்று கேளுங்கள். கேட்டால் ஊழியர்கள் சத்தம் போடாமல் உங்களைப் பத்திரமாக வெளியேற்றி டாக்ஸி பிடித்துக் கொடுப்பார்கள்.

பெரிய கிளப்பில் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றித் தருவதைப் பார்த்து நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அதற்குப் பின்னால் இந்த ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் முக அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஜொனதன் ஷெப்பர்ட், சண்டையில் முகம் கிழிந்து வருபவர்களுக்குத் தையல் போட்டுப் போட்டு ஒன்றைக் கவனித்தார். அடிபட்டவர்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை. எந்த இடத்தில், என்ன ஆயுதத்தால் அடிபட்டார்கள் என்று அவசரப் பிரிவிலேயே கேட்டு, பெயர் இல்லாமல் போலீசுக்கும் மாநகராட்சிக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். உடைந்த கண்ணாடி டம்ளர்தான் பல முகங்களைக் கிழித்தது என்று தெரிந்ததும் டம்ளர் மாறியது, சில தெருக்களில் இரவில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 'கார்டிஃப் மாடல்' என்ற பெயரில் இன்று வேறு நாடுகளிலும் அதைப் பின்பற்றுகிறார்கள்.

பெரிய கிளப்புகளின் நிலையும் ஆட்டம் காண்கிறது. முதலில் ஓஷியானா, பின்னர் பிரிசம் என்று கிரேஃப்ரையர்ஸ் ரோட்டில் ஓடிய கிளப்பை நடத்திய ரெகாம் யுகே 2024 தொடக்கத்தில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. நாடெங்கும் 17 இடங்கள் மூடப்பட்டன. மாணவர்கள் கையில் காசு இல்லை, வார நடுவில் வருவதில்லை என்றது நிறுவனம். இருக்கலாம். முக்கால் மணி நேர வரிசையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, வுமன்பி தெரு. கார்டிஃப் கோட்டைக்கு எதிரே, இரண்டு கார் சேர்ந்து போக முடியாத சந்து. அங்கே இருக்கிறது 'க்ளுப் ஈவோர் பாக்'. பாக் என்றால் சின்ன, குட்டை. ஈவோர் பாக் 12-ஆம் நூற்றாண்டு வேல்ஷ் குறுநிலத் தலைவர். தன் நிலத்தைப் பறித்த குளோஸ்டர் பிரபுவைப் பழிவாங்க 1158-இல் ராத்திரியோடு ராத்திரியாக இதே கோட்டை மதிலில் ஏறிக் குதித்து, பிரபுவை மனைவி மகனோடு கடத்திக்கொண்டு போய், நிலம் திரும்பக் கிடைத்த பிறகே விட்டார். அவர் பெயரை வைத்துக்கொண்டு கோட்டையை முறைத்தபடி நிற்கிறது கிளப். 1983-இல் ஆரம்பித்தபோது இது வேல்ஷ் பேசுபவர்களுக்கான உறுப்பினர் மன்றம். ஆங்கிலமே கோலோச்சிய தலைநகரில், வேல்ஷில் பேசி வேல்ஷில் ஆட ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. இன்று யாரும் போகலாம். பாரில் மிச்சம் வாங்கும்போது நீங்கள் 'தியோல்ஹ்' என்று வேல்ஷில் நன்றி சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம். கடைசி 'ஹ்' தொண்டையிலிருந்து வர வேண்டும். எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மூன்று தளம். சாயங்காலம் ஏதாவது ஒரு இசைக்குழுவின் கச்சேரி, பத்து மணிக்கு மேல் டிஜே. கீழே பிடிக்கவில்லையென்றால் படியேறி மேலே போகலாம். படிக்கட்டு குறுகல், வியர்வை வாடை, சுவரெல்லாம் பழைய சுவரொட்டி. ஆனால் வந்திருப்பவர்கள் பாட்டுக்காக வந்தவர்கள். தனியாக நிற்பவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் பாதிப் பேர் தனியாகத்தான் நிற்கிறார்கள், மேடையைப் பார்த்தபடி. என் சோடா-லைம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது இங்கே மட்டும்தான். ஒரு செவ்வாய் இரவு முப்பது பேர்கூட இல்லாத தளத்தில், எனக்கு ஒரு சொல்லும் புரியாத வேல்ஷ் பாட்டைக் கேட்டுக்கொண்டு, டம்ளரில் ஐஸ் கரைந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

2017-இல் இந்தத் தெருவே போய்விடும் என்ற நிலை வந்தது. பக்கத்தில் அடுக்குமாடியும் ஹோட்டலும் கட்டத் திட்டம். குடிவந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தால் கிளப் மூட வேண்டியதுதான். கோயிலை ஒட்டி வீடு கட்டிவிட்டு மேளச் சத்தம் தாங்கவில்லை என்று மனுப்போடுவது போல. ஊர் திரண்டு எதிர்த்தது. அதன் பலனாக, புதிதாக வருபவர்தான் தன் கட்டடத்துக்குச் சத்தத் தடுப்புச் செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வேல்ஸின் திட்டமிடல் கொள்கையில் ஏறியது. எல்லா இடத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கில்ஃபோர்ட் கிரெசன்ட்டில் 'குடிஹூ' என்று ஒரு சின்ன கிளப் இருந்தது. பெயரிலேயே குடி இருக்கிறதே என்று தமிழ்க் காதுக்குத் தோன்றும். வேல்ஷில் ஆந்தை என்று பொருள். ஊர்வலம் போயும் காப்பாற்ற முடியவில்லை, 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். நான் போனபோது அதைப் பற்றிப் பேசக் கேட்டதோடு சரி.

வுமன்பி தெருவில் குறை இல்லாமல் இல்லை. கேத்தேஸுக்கு நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். வழியில் வரும் வெள்ளைக் கல் அரசுக் கட்டடங்களின் பகுதி நடுராத்திரியில் ஆளரவமற்றுக் கிடக்கும். நான் தனியாக நடந்ததில்லை. ரக்பி நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்: 74,000 பேர் பிடிக்கும் மைதானம் அடுத்த தெருவில் இருக்கிறது.

பிரிஸ்டல் போகலாமே என்பவர்களுக்கு: ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். துறைமுகத்தில் கட்டிப்போட்ட பழைய கப்பலுக்குள் நடக்கும் தெக்லா கிளப்பை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் திரும்ப ரயில் இல்லாமல் விடியும் வரை ஸ்டேஷன் பெஞ்சில் நடுங்கினால் என்னைத் திட்டக் கூடாது.

எங்கே போனாலும் வாசலில் அடையாள அட்டை. சட்டப்படி 18 வயது ஆனால் போதும், ஆனால் பார்க்க 25-க்குக் கீழே தெரிந்தால் கேட்பார்கள். ஒரு கிளப்பின் வாசலில் என் தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்தை நீட்டினேன். பவுன்சர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "அழகா இருக்கு, ஆனா செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தார். கூட வந்த மூன்று பேரும் உள்ளே, நான் மழையில். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆடப் போவது அதைவிட முட்டாள்தனம். தொலைத்தால் தூதரகம் வரை அலைய வேண்டும். பிரிட்டிஷ் தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கு ஆன்லைனில் 34 பவுண்டு. கார் ஓட்டவே வேண்டாம், அந்த அட்டை போதும்.

செலவைக் குறைக்க எல்லாரும் செய்வது 'ப்ரீஸ்', அதாவது வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்புவது. இங்கிலாந்திலிருந்து வரும் மாணவர்கள் வேல்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் விலையைப் பார்த்து முதலில் முணுமுணுப்பார்கள். 2020 மார்ச்சிலிருந்து இங்கே ஒரு யூனிட் (10 மி.லி. சுத்த ஆல்கஹால்) மதுவுக்குக் குறைந்தபட்ச விலை 50 பென்ஸ் என்று சட்டம் வந்தது. அந்தக் கணக்கில் 70 செ.லி. சாதாரண வோட்கா 13 பவுண்டுக்குக் கீழே கிடைக்கவில்லை. சோடா-லைம் கட்சிக்கு இதனால் பாதிப்பில்லை, ஆனால் ப்ரீஸ் நடக்கும் சமையலறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எந்தக் கிளப்பையும்விடக் கடினமான சோதனை. நான் நேராக வாசலுக்கே போய்விடுவேன்.

என் வரிசை: வுமன்பி தெரு, கொஞ்சம் பின்னால் யூனியன், ரொம்பப் பின்னால் பெரிய கிளப். புதிதாக வந்த முதல் மாதம் மட்டும் யூனியனை முதலில் வையுங்கள். சிநேகம் கிடைப்பது அங்கேதான்.

மூன்று கூட்டமும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: கேரலைன் தெரு, ஊர்க்காரர்கள் வாயில் 'சிப்பி லேன்'. வரிசையாக சிப்ஸ் கடைகள். குப்பைப் பை போட்ட ரக்பிப் பையன், ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கும் பெண், கச்சேரி முடிந்து வந்த நரைத்த தாடி எல்லாரும் ஒரே கவுன்டர் முன்னால். டோரதீஸில் எலும்பு நீக்கிய சிக்கன் கறி பிரபலம். கேட்க வேண்டியது 'ஹாஃப் அண்ட் ஹாஃப்': பாதி சோறு, பாதி சிப்ஸ், மேலே குழம்பு. முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. குழம்பு மஞ்சளாக, கொழகொழவென்று, காரம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் இருக்கும். வீட்டில் யாராவது வைத்திருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பேன். மூன்று மணிக் குளிரில் மரக் கரண்டியால் அள்ளும்போது அது வேறு பண்டம். ஒரே ஒரு எச்சரிக்கை: அட்டைப் பெட்டி குழம்பில் ஊறி அடி விடுவதற்குள் சாப்பிட்டு முடியுங்கள். என் வெள்ளைக் கோட்டில் இன்னும் அந்த மஞ்சள் இருக்கிறது.