திருச்சியிலிருந்து மெல்போர்ன்: நடுவில் எங்கே இறங்குவது?

நாங்கள் மெல்போர்னுக்குக் குடி மாறியபோது கையில் இருந்தது ஆறு பெரிய பெட்டி, மூன்று கைப்பை, ஆறு வயது மகள். சென்னைக்குப் போய் ஏறுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், அங்கேயும் இன்னொரு நாட்டில் மாறுகிற விமானத்தில்தான் ஏற வேண்டும் என்றால் அதற்கு எதற்குச் சென்னை? திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் விமானம் இருக்கிறது, இந்த மூன்று ஊரிலிருந்தும் மெல்போர்னுக்கு நேர் விமானமும் இருக்கிறது. பிரச்சினை, மூன்றில் எது என்பதுதான்.

நாங்கள் வந்தது சிங்கப்பூர் வழி. அம்மாவைப் பிறகு கூட்டி வந்தது கேஎல் (கோலாலம்பூர்) வழி. மச்சான் குடும்பம் வந்தது கொழும்பு வழி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் என் ஓட்டு கேஎல்லுக்கு. சிங்கப்பூர் பக்தர்கள் கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம், இதைத் தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள். நடுவில் நிற்கும் நேரம் 24 மணிக்குள் இருந்தால் அது டிரான்சிட். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் பெட்டியைத் திருச்சியிலேயே மெல்போர்ன் வரைக்கும் போட்டுவிடுவார்கள். 24 மணியைத் தாண்டினால் அது ஸ்டாப்ஓவர், பொதுவாகப் பெட்டியை நடு ஊரில் எடுத்துக்கொண்டு வெளியே போய் மறுபடி வந்து போட வேண்டும். சுற்றுலா போகிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஒரு தள்ளுப்பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விடுவான். வீட்டையே மடித்துக் கொண்டுபோகிறவனுக்கு ஆறு பெட்டியை டாக்சியில் ஏற்றுவதே ஒரு நாள் வேலை. ஆகவே கவுன்டரில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் மெல்போர்னைக் குறிக்கும் 'எம்ஈஎல்' (MEL) என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று ஆறிலும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் மனைவி விரலை வைத்து எண்ணினாள், கவுன்டர் பெண் சிரித்தது, பரவாயில்லை.

சரி, சிங்கப்பூர். திருச்சியிலிருந்து நாலு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து மெல்போர்னுக்கு ஏழரை மணி நேரம். பயணம் இரண்டாகச் சீராகப் பிரிகிறது, குழந்தையோடு போகிறவர்களுக்கு இது நல்ல கணக்கு. விசா விஷயத்தில் ஒரு வசதி உண்டு: ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் விசா வைத்திருக்கும் இந்தியர்கள், அந்த விசா இன்னும் ஒரு மாதமாவது செல்லும் என்றால், 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் டிக்கெட்டைக் காட்டி விசா இல்லாமல் வெளியே போய் வரலாம். அனுமதிப்பது அங்கிருக்கும் அதிகாரி கையில். ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, எல்லாம் கணினியில்தான், அதனால் விசா கடிதத்தை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அதைத்தான் முதலில் கேட்டார்கள். இணையத்தில் வருகை அட்டையையும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பிவிட வேண்டும்.

காலை ஆறரைக்கு இறங்கினோம், அடுத்த விமானம் இரவு எட்டுக்கு. பதின்மூன்றரை மணி நேரம்! டிக்கெட் போடும்போது 'ஊரையே சுற்றிவிடலாம்' என்று தோன்றியது. மூன்று ராத்திரி தூங்காமல் பெட்டி கட்டியவர்களுக்கு ஊர் எதற்கு? கிளம்புவதற்கு முந்தின இரவு ஒரு மணிக்கு, கூடத்தில் கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, ஒன்றேகால் கிலோ கூடுதல் என்று இட்லித் தட்டை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்து, அதற்குப் பதிலாக என் இரண்டு புத்தகத்தை வெளியே போட்டது வரைக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கண்ணோடு டெக்கா சந்தையில் காலைப் பசியாறி முடித்தபோது மணி ஒன்பதரை. வெயிலில் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவில் வரைக்கும் நடந்ததில் மகள் என் தோளில் தூங்கிப்போனாள். ஹோட்டலில் பகல் இரண்டு மூன்று மணிக்கு முன்னால் அறை தருவது அபூர்வம். பதினொரு மணிக்கே விமான நிலையத்துக்கு ரயிலேறிவிட்டோம்.

விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்து அருவி அருமைதான், 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரைக்குள் கொட்டுகிறது, மகள் இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசுகிறாள். ஆனால் அது இமிகிரேஷனுக்கு வெளியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உள்ளேயே இருப்பவர்கள் முனையங்களுக்கு இடையே ஓடும் குட்டி ரயிலில் போகும்போது ஒரு எட்டு பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நான் செய்திருக்க வேண்டியது, உள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டிரான்சிட் ஹோட்டலில் ஒரு அறை போட்டிருப்பது. விலை அதிகம் என்று விட்டேன், அப்புறம் மாலை வரை மூன்று பேரும் கம்பளத்தில் உருண்டோம். ஐந்தாறு மணி நேரம் நிற்பதற்குச் சாங்கியை அடிக்க இன்னொரு விமான நிலையம் நான் பார்த்ததில்லை. பகல் முழுக்க நிற்பதென்றால் அறைக்குக் காசு ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, பெட்டியோடு சிங்கப்பூரில் வெளியே போவதாக இருந்தால் கசகசா, புகையிலை, பான் மசாலா, சூயிங்கம் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. குடி மாறுகிறவர் பெட்டியில் கசகசா இல்லாமல் இருக்குமா, மாமியார்கள் எங்காவது செருகிவிடுவார்கள்.

கேஎல் வேறு மாதிரி. விமான நேரம் ஏறக்குறைய அதே கணக்கு, மெல்போர்ன் கால்மணி அரைமணி கூட. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், இந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். இங்கேயும் இணைய வருகை அட்டை உண்டு. அதிகாரி மனம் வைப்பாரா என்ற பதைப்பு இங்கே குறைவு. விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது பெரிய குறை, ஆனால் எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. டிக்கெட் 55 ரிங்கிட், நாலு பேர் என்றால் வாடகைக் காரே மலிவு.

சென்ட்ரலை விட்டு வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ், கேஎல்லின் லிட்டில் இந்தியா. சிங்கப்பூரில் எனக்கு ஒரு அறைக்குச் சொன்ன விலையில் இங்கே இரண்டு ராத்திரி தங்கியிருக்கலாம். அம்மா மதியம் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினார். அந்தத் தூக்கத்துக்காகவே நான் கேஎல்லுக்கு ஓட்டுப் போடுகிறேன். எழுந்ததும் சென்ட்ரலிலேயே கம்யூட்டர் ரயிலேறிப் பத்துமலை. 2006-ல் நிறுவிய 140 அடி முருகன், பின்னால் 272 படி. அம்மாவுக்கு முட்டிவலி. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவரே இவ்ளோ பெருசா கீழ நிக்கிறாரே தம்பி, மேல எதுக்கு ஏறிக்கிட்டு" என்றார். கற்பூரம் காட்டுகிற நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

கேஎல்லில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நான் காலை வைத்தேன். காசு மிச்சம் பிடிக்க இரண்டு தனி டிக்கெட் போட்டிருந்தேன். முதல் விமானம் இறங்கியது இரண்டாம் முனையத்தில், அடுத்தது கிளம்புவது முதல் முனையத்தில். தனி டிக்கெட் என்பதால் பெட்டியை நாமே எடுத்து நாமே கொண்டுபோய்ப் போட வேண்டும். முனையங்களுக்கு நடுவே ரயில் மூன்றே நிமிடம், இரண்டு ரிங்கிட், அது சுலபம். சுலபமில்லாதது, முதல் விமானம் திருச்சியில் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அடுத்த விமானத்தைத் தவறவிட்டிருந்தால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்றிருக்காது, டிக்கெட் காசு அம்போதான். நடுவில் ஒரு ராத்திரி விட்டிருந்ததால் தப்பித்தோம். இரண்டு பெட்டியோடு போனதால் சமாளித்தேன். ஆறு பெட்டி என்றால் தனி டிக்கெட் பக்கமே போகாதீர்கள்.

கொழும்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம்தான், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் அதற்கப்புறம் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பு. மச்சானுக்கு அதுதான் பிடித்திருந்தது, ராத்திரி ஏறினால் ஒரே தூக்கமாகப் போய்விடலாம் என்றார். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவர், அவர் பேச்சைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டாம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குப் போவதைவிட நீர்கொழும்பு கிட்டே. கடற்கரையை ஒட்டித் தங்கி மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஏறியிருக்கிறார்கள். வெளியே போக இணைய அனுமதி வாங்க வேண்டும், அந்த விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழி ஒரு தலைவலியே இல்லை. சிங்கப்பூரிலும் கொழும்பிலும் பலகையில் தமிழ் இருக்கிறது. கேஎல்லில் பலகையில் பெரும்பாலும் மலாய்தான், ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர் வாயில் தமிழ் இருக்கிறது, அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

எந்த வழியில் வந்தாலும் கடைசியில் மெல்போர்னில் சாப்பாட்டுப் பொருள் அத்தனையையும் வருகை அட்டையில் குறித்துக் காட்டியாக வேண்டும், நடு ஊரில் வாங்கிய தின்பண்டம் உட்பட. பருப்புப் பொடி, வற்றல் எல்லாம் காட்டினோம், பார்த்துவிட்டு விட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கு இடமே இல்லை. மறைத்து மாட்டினால் அபராதம்.

டிசம்பரில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். கேஎல் வழி, ஒரே டிக்கெட், நடுவில் இருபது மணி நேரம், பெட்டி நேராக மெல்போர்னுக்கு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அறை. நேற்று போனில் மாமியார், "ஒரு கொத்து கறிவேப்பிலைதானே மாப்ள, பைக்குள்ள யாரு பாக்கப் போறா" என்றார். கிளம்புகிற அன்றைக்குப் பையைத் திறந்து பார்க்கச் சொல்லி மச்சினனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.