சர்வீஸ் லைட் அணைஞ்சிருச்சுன்னா ஆயில் மாத்திட்டாங்கன்னு நம்பிராதீங்க

கார் வச்சிருக்கிறவங்க இத அவசியம் படிங்க. ஆயில் மாத்தாமலே பில் போட்டு, மீட்டர்ல வர்ற சர்வீஸ் லைட்ட மட்டும் ரீசெட் பண்ணி அனுப்புறாங்க, எனக்கு நடந்துச்சு.

டேஷ்போர்டுல ஸ்பேனர் சிம்பல் வந்ததும் வழக்கமா விடுற வொர்க்‌ஷாப்புலயே வண்டிய விட்டேன். எடுக்கப் போனா ஆயில், ஃபில்டர், போல்ட் வாஷர், லேபர்னு பில் ரெடி, கீழ "கம்ப்யூட்டர் ரீசெட்"னு தனியா ஒரு சார்ஜ் வேற. ஸ்கேனர் போட்டாத்தான் சார் லைட் போகும்னாங்க. ஸ்டார்ட் பண்ணா லைட் இல்ல, அடுத்த சர்வீஸுக்கு 10,000 கிலோமீட்டர்னு காட்டுது, வேலை முடிஞ்சிருச்சுன்னுதானே யாரும் நினைப்பாங்க.

கொஞ்ச நாள்ல எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி இருக்கேன்னு ஆயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக் கம்பிய உருவிப் பாத்தா பெட்ரோல் வண்டில ஆயில் கன்னங்கரேல்னு இருக்கு, லெவலும் கம்மி. வேற மெக்கானிக் வண்டிய தூக்கிக் காட்டினாரு, ஃபில்டர் மேல பழைய அழுக்கு, பழைய ஆயில கீழ வடிக்கிறதுக்கு கழட்டுற டிரெயின் போல்ட்ட சுத்தி காஞ்ச சேறு அப்படியே, ஸ்பேனர் பட்ட தடமே இல்ல. திரும்பப் போய் கேட்டா மேல இருந்தே பம்ப் வச்சு ஆயில உறிஞ்சி எடுத்துட்டோம்கிறாங்க. அப்படி எடுக்கிற முறை இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா போல்ட்டையே கழட்டலன்னா வாஷருக்கு எதுக்குங்க பில்லு? ஃபில்டர் எப்படி பழசாவே இருக்கு?

ஒண்ணு நல்லா தெரிஞ்சுக்கோங்க, பெரும்பாலான வண்டில அந்த லைட் ஆயில பாக்கிறதே இல்ல. ஓடுன கிலோமீட்டரையும் மாசத்தையும் எண்ணும், சில வண்டில எஞ்சின் சுத்துனது, சூடு இதெல்லாம் வச்சு கணக்கு போட்டு சதவீதமா காட்டும், அவ்வளவுதான். ரீசெட் பண்ணிட்டா புது ஆயில் ஊத்தியாச்சுன்னு அதுபாட்டுக்கு முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சிரும். பழைய ஆயில வச்சுகிட்டே இன்னொரு முழு சர்வீஸ் காலமும் ஓட்டுவோம், உள்ள கசடு கட்டி பேரிங், டர்போன்னு போச்சுன்னா எஞ்சினே போச்சு.

ரீசெட்டுக்கு ஸ்கேனர் கேக்கிற மாடலும் இருக்கு, ஆனா நிறைய வண்டில எஞ்சின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணி டிரிப் பட்டன கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா போதும், இல்லன்னா மீட்டர் மெனுலயே இருக்கும். காசு குடுக்கிறதுக்கு முன்னாடி வண்டியோட மேனுவல பாருங்க. சிவப்பு ஆயில் கேன் லைட்டோட இத குழப்பிக்காதீங்க, அது ஆயில் பிரஷர், ஓட்டும்போது எரிஞ்சா உடனே ஓரங்கட்டி எஞ்சின ஆஃப் பண்ணிருங்க.

வண்டி விடும்போதே பழைய ஃபில்டர் மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து வைங்க, கழட்டுனத கையில குடுக்கச் சொல்லுங்க. எடுக்கிறப்ப டிப்ஸ்டிக் பாருங்க, பெட்ரோல் வண்டின்னா புது ஆயில் தேன் கலர்ல தெளிவா இருக்கும், டீசல்ல மாத்துன கொஞ்சத்துலயே கருத்துரும், அதனால டீசலுக்கு கலர நம்பாம ஃபில்டரத்தான் பாக்கணும்.

நான் வேற இடத்துல ஆயிலும் ஃபில்டரும் என் கண்ணு முன்னாடி மாத்தி, கணக்கு சரியா இருக்கணும்னு திரும்ப ரீசெட் பண்ணிட்டேன். பழைய இடத்துல ஃப்ரீயா இன்னொரு சர்வீஸ் பண்ணித் தர்றோம்கிறாங்க, எனக்கு அது வேணாம், பணத்த திருப்பித் தாங்கன்னு போட்டோவோட எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல.